17 வயதில் பாகனினி பரிசு, அதற்குப் பிறகு? லூ சிச்சிங் என்ற வயலின் கலைஞரைப் பற்றி ஓர் ஐயம்

நீலாம்பரி கேட்டது:

வணக்கம். மேற்கத்திய செவ்விசையை நான் கேட்கத் தொடங்கி ஆறேழு ஆண்டுகள்தாம் ஆகின்றன. வயலினைக் கையில் எடுத்துப் பழகியதில்லை, கேட்பதோடு சரி. ஆகவே கேள்வியில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

சில வாரங்களாகச் சீன வயலின் கலைஞர் லூ சிச்சிங் வாசித்த ‘லியாங் ஜூ’ கன்செர்ட்டோவின் (ஒரு தனிக்கருவி இசைக்குழுவோடு சேர்ந்து வாசிக்கும் நீண்ட படைப்பு) பதிவு ஒன்றைத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ‘பட்டாம்பூச்சிக் காதலர்கள்’ என்ற பெயரில் வெளியுலகம் அறிந்த அதே இசைதான். கேட்கக் கேட்க வாசித்தவரைப் பற்றி அறியும் ஆவல் எழுந்து, கிடைத்ததையெல்லாம் படித்தேன். 1969-ல் சிங்தாவ் நகரில் பிறந்து, நான்கு வயதில் வயலினைத் தொட்டு, எட்டு வயதில் பெய்ஜிங்கிலுள்ள மத்திய இசைக் கல்லூரியோடு இணைந்த பள்ளியில் சேர்ந்து, பதினொன்றாம் வயதில் இங்கிலாந்தில் வயலின் மேதை யெஹூதி மெனுஹின் நிறுவிய பள்ளிக்குச் சென்றிருக்கிறார். 1987-ல் இத்தாலியின் ஜெனோவா நகரில், பழைய வயலின் மேதை பாகனினியின் பெயரால் நடந்த பாகனினி போட்டியில் முதல் பரிசைப் பெற்றபோது அவருக்கு வயது 17. அப்பரிசைப் பெற்ற முதல் சீனர் அவர்தாம்.

என் ஐயம் இதுதான். அதற்கு அடுத்த ஆண்டு, 1988-ல், அதே போட்டியில் முதல் பரிசு வென்ற கிரேக்கக் கலைஞர் லியோனிடாஸ் கவாகோஸ் இன்று ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் உள்ள முன்னணி இசைக்குழுக்கள் அனைத்துடனும் வாசிக்கிறார். லூ சிச்சிங்கின் பெயரோ சீனாவுக்கு வெளியே அந்த அளவுக்கு அடிபடுவதில்லை. ஒரே மேடையில் ஒரே பரிசைப் பெற்ற இருவரில் ஒருவர் மட்டும் உலகப் பெயராகவும் மற்றவர் பெரும்பாலும் சொந்த நாட்டின் பெயராகவும் ஆனது எப்படி? அது அவர் தேர்ந்துகொண்ட வழியா, சூழ்நிலை தள்ளிவிட்ட வழியா? அல்லது அந்த ஒரு கன்செர்ட்டோவே அவரைக் கட்டிப்போட்டுவிட்டதா?

---

பழைய இசைத்தட்டு:

முதலில் பெயரைப் பற்றி ஒரு சொல். ‘லூ’ என்று நீங்கள் எழுதியிருப்பதே போதும். ஆனால் அந்த உயிரொலி நம் எழுத்தில் இல்லை. ‘ஊ’ சொல்வதுபோல் உதட்டைக் குவித்துக்கொண்டு ‘ஈ’ என்று சொல்லிப் பாருங்கள், கிட்டத்தட்ட வந்துவிடும்.

உங்கள் ஒப்பீட்டில் தவறில்லை, ஆனால் அது பரிசு வாங்கிய நாளிலிருந்து தொடங்குகிறது. நான் அதற்குப் பதினெட்டு ஆண்டுகள் பின்னே போய்த் தொடங்க விரும்புகிறேன். 1969 என்பது சீனாவில் மாவோ தொடங்கிய பண்பாட்டுப் புரட்சி உச்சத்தில் இருந்த காலம். பேத்தோவனும் மொஸார்ட்டும் முதலாளித்துவக் குப்பை என்று ஒதுக்கப்பட்டிருந்தார்கள். இசைக் கல்லூரிகளில் பாடம் நின்றுபோயிருந்தது. அந்நாட்டின் வயலின் கலைக்கே தந்தை என்று சொல்லத்தக்க மா சிசோங், பதினொரு வயதில் பிரான்ஸுக்குப் போய்ப் பயின்று திரும்பியவர், மத்திய இசைக் கல்லூரியின் முதல் தலைவர். அவரே செங்காவலர்களால் (புரட்சியின் பெயரில் திரண்ட இளைஞர் கும்பல்கள்) பலர் முன்னிலையில் அவமதிக்கப்பட்டு, 1967 ஜனவரியில் குடும்பத்தோடும் தம் வயலினோடும் படகேறி ஹாங்காங்குக்குத் தப்பி, அங்கிருந்து அமெரிக்கா சென்று, 1987-ல் பிலடெல்பியாவில் காலமானார். லூ சிச்சிங் ஜெனோவாவில் வென்றதும் அதே 1987 என்பதை நான் ஒவ்வொரு முறையும் கவனிக்கிறேன். அதற்குமேல் அந்தத் தற்செயலில் ஒன்றுமில்லை, இருந்தாலும் கண்ணில் படுகிறது.

அப்படிப்பட்ட ஆண்டுகளில் நான்கு வயதுக் குழந்தையின் கையில் வயலின் எப்படி வந்தது என்று நீங்கள் கேட்கலாம். வயலின் என்ற கருவி தடை செய்யப்படவில்லை, அதற்குரிய பழைய இசைதான் தடை செய்யப்பட்டது. அரசு ஒப்புதல் பெற்ற ‘முன்மாதிரி’ மேடைப் படைப்புகளுக்கு, குறிப்பாக இரண்டு பாலே நாடகங்களுக்கு, முழு இசைக்குழு தேவைப்பட்டது. மாகாணங்களிலும் படைப் பிரிவுகளிலும் கலைக்குழுக்கள் இயங்கின. நன்றாக வயலின் வாசிக்கும் பிள்ளைக்கு அத்தகைய குழுவில் இடம் கிடைத்துவிட்டால், தொலைதூரக் கிராமத்துக்கு வயல்வேலைக்கு அனுப்பப்படாமல் தப்பித்துக்கொள்ளலாம் என்ற நம்பிக்கை நகரத்துப் பெற்றோரிடையே பரவியிருந்தது. ஆகவே இசையைக் குற்றமாக்கிய அதே பத்தாண்டுகளில் நகர்ப்புற வீடுகளில் வயலின் ஒலி கூடியதே தவிரக் குறையவில்லை. லூ சிச்சிங்குக்கும் முதல் வழிகாட்டல் வீட்டில் தந்தையிடமிருந்துதான் வந்தது.

1976-ல் மாவோ இறந்தார். அடுத்த ஓரிரு ஆண்டுகளில் கல்லூரிகள் மீண்டும் திறந்தன. 1979-ல் அமெரிக்க வயலின் கலைஞர் ஐசக் ஸ்டெர்ன் சீனாவுக்கு வந்தார். அதே ஆண்டு மெனுஹினும் பெய்ஜிங் வந்தார். எட்டு வயதில் பெய்ஜிங் பள்ளிக்கு வந்து சேர்ந்திருந்த சிறுவன், சரியாகக் கதவு திறந்த வேளையில் கதவருகே நின்றிருந்தான் என்று சொல்ல வேண்டும். ஐந்தாண்டு முன்னால் பிறந்திருந்தால் அவர் ஏதோ ஒரு கலைக்குழுவின் பின்வரிசையில் அமர்ந்திருக்கக்கூடும். இங்கிலாந்தின் சரே பகுதியில் உள்ள மெனுஹின் பள்ளியில் சில ஆண்டுகள் பயின்றுவிட்டு அவர் பெய்ஜிங்குக்கே திரும்பி, வாங் ஜென்ஷான் என்ற ஆசிரியரிடம் தொடர்ந்தார். இந்தத் திரும்பல் முக்கியமானது. பதின்வயதில் ஐரோப்பாவிலேயே தங்கிவிட்ட மாணவனுக்கு, அங்குள்ள இசைக்குழு நடத்துநர்கள், முகவர்கள், விழா அமைப்பாளர்கள் ஆகியோரின் அறிமுகம் பாடத்தோடு பாடமாகக் கிடைத்துவிடும். பெய்ஜிங்கிலிருந்து புறப்பட்டு ஜெனோவாவுக்குப் போய்ப் பரிசை வாங்கிக்கொண்டு பெய்ஜிங்குக்கே திரும்பியவருக்கு, அந்நாளில், பரிசு மட்டுமே கிடைத்தது. அவர் நியூயார்க்கின் ஜூலியார்ட் பள்ளியில் டோரதி டிலே என்ற வயலின் ஆசிரியரிடம் சேர்ந்தது 1989-ல். பரிசுக்கு இரண்டாண்டு கழித்து.

அந்நாளில் பாகனினி போட்டி ஆண்டுதோறும் நடந்தது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். ஒருவருக்குச் சூட்டிய மாலை வாடுவதற்குள் அடுத்தவர் மேடையில் நிற்பார். அமைப்பாளர்களுக்கு வெற்றியாளர் மீதுள்ள ஆர்வம் ஓராண்டு தாங்கினாலே பெரிது. அந்த ஓராண்டில் எங்கே இருக்கிறோம், நமக்காகத் தொலைபேசி எடுப்பவர் யார் என்பதுதான் பின்னால் வருவதைப் பெருமளவு தீர்மானிக்கிறது.

---

தந்திக்காரன்:

மேலே எழுதியவர் வரலாற்றைச் சொல்லிவிட்டதால் நான் அந்தப் பக்கம் போகவில்லை. நான் பல ஆண்டுகள் மேற்கத்திய முறையில் வயலின் பயின்று, இப்போது சிறு பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பவன். உங்கள் கடைசிக் கேள்வி, அதாவது அந்தக் கன்செர்ட்டோ அவரைக் கட்டிப்போட்டதா என்பது, கைக்குத் தெரிந்த கேள்வி என்பதால் அதற்கு மட்டும் விடை சொல்ல முயல்கிறேன்.

‘லியாங் ஜூ’வை எழுதிய ஹே ஜான்ஹாவ், சென் காங் இருவரும் அப்போது ஷாங்காய் இசைக் கல்லூரி மாணவர்கள். ஹே ஜான்ஹாவ் ஜெஜியாங் பகுதியின் யுவே இசை நாடக மரபிலிருந்து வந்தவர். 1958-ல் அங்கு சில மாணவர்கள் சேர்ந்து, வயலினைச் சீன மரபுக்குள் கொண்டுவரும் நோக்கத்தோடு ஒரு சோதனைக் குழுவை அமைத்தனர். கிராமங்களுக்குப் போய் வாசித்தபோது, ஐரோப்பிய இசை உழவர்களின் காதில் ஏறவில்லை என்பதை அவர்கள் கண்கூடாகப் பார்த்திருந்தார்கள். மக்கள் குடியரசின் பத்தாம் ஆண்டு விழாவுக்கு என்ன எழுதலாம் என்று மூன்று தலைப்புகளைக் கல்லூரியின் கட்சிச் செயலாளர் மெங் போவிடம் கொடுத்தார்கள்: எஃகு உற்பத்தி இயக்கம், மக்கள் அனைவரும் படைவீரர், மூன்றாவதாக லியாங் ஷான்போ – ஜூ யிங்தாய் காதல் கதை (இறந்த லியாங்கின் கல்லறைக்குள் ஜூ பாய, இருவரும் பட்டாம்பூச்சிகளாகும் பழங்கதை). அவர் மூன்றாவதைக் குறியிட்டார். எஃகு உலைக்கு ஒரு வயலின் கன்செர்ட்டோ எழுதப்பட்டிருந்தால் இன்று நாம் இந்த இழையில் பேசிக்கொண்டிருக்க மாட்டோம் என்று எனக்கு அவ்வப்போது தோன்றும்.

1959 மே 27 அன்று ஷாங்காயின் லான்சின் அரங்கில் அதை முதன்முதலாக வாசித்தவர் யூ லீனா. 1940-ல் பிறந்த அவரும் மாணவிதான். சென் காங்கின் தந்தை சென் கெசின் பழைய ஷாங்காயின் பெயர்பெற்ற பாடல் இசையமைப்பாளர்; ‘வலதுசாரி’ என்று முத்திரை குத்தப்பட்டு, 1961-ல் உழைப்பு முகாமில் இறந்தார். மகன் பட்டாம்பூச்சிகளுக்கு இசை எழுதிக்கொண்டிருந்த மாதங்களில் தந்தை முகாமில் இருந்தார் என்பதை அறிந்தபின் இந்த இசையின் அழுகைப் பகுதியை என்னால் பழையபடி கேட்க முடியவில்லை. பண்பாட்டுப் புரட்சியில் இதுவும் தடைசெய்யப்பட்டது.

இனி வாசிப்புக்கு வருகிறேன். புல்லாங்குழலும் ஓபோ என்ற ஊதுகருவியும் விடியலைக் காட்டிவிட்டு ஒதுங்க, வயலின் எடுக்கும் முதல் அடியை நம் சுரங்களில் பாடிப் பாருங்கள்: க ப த ஸ ரி த ஸ ப. மோகனம்தான். ஐந்தே சுரம், மத்யமமும் நிஷாதமும் இல்லை. நான் பாகனினியின் கப்ரீஸ்களில் (மிகக் கடினமான தனி வயலின் துண்டுகள்) சிலவற்றை ஓரளவு கைவசப்படுத்திய காலத்தில், ‘இது வெறும் மெட்டு, இரண்டு நாளில் முடித்துவிடலாம்’ என்று இதன் ஏட்டை எடுத்தேன். முதல் பக்கத்திலேயே கை தடுமாறியது. காரணம் எளியது. மேற்கத்திய பயிற்சியில் இடக்கையின் நான்கு விரல்களும் அடுத்தடுத்த நான்கு சுரங்களின் மேல் விழும்படி பழக்கப்பட்டிருக்கும். இங்கே காந்தாரத்திலிருந்து பஞ்சமத்துக்கும் தைவதத்திலிருந்து மேல் சட்ஜத்துக்கும் நடுவில் ஓர் இடைவெளி உண்டு. அந்த இடைவெளியைக் கடக்க ஒரு விரலைத் தாண்டி வைத்தால் சுரம் சுத்தமாக வரும், ஆனால் மேற்கத்தியப் பாட்டாக ஒலிக்கும். சீனக் கலைஞர்கள் பக்கத்துப் பக்கத்து விரல்களையே அகட்டி, அல்லது ஒரே விரலைத் தந்தியோடு வழுக்கி, அந்த இடத்தைக் கடக்கிறார்கள். எர்ஹு என்ற இரண்டு தந்திக் கருவியில் கேட்கும் இழைவு அப்போதுதான் வயலினில் கிடைக்கிறது. வழுக்கல் தொடங்கும் இடத்தில் வில்லின் அழுத்தம் ஒரு நூலளவு குறைய வேண்டும். குறையாவிட்டால் பூனை கத்தும். அதிகம் குறைந்தால் சுரம் அறுந்துவிடும். என் பழக்கத்தில் இரண்டும் நடந்தன. இதை நம் கமகத்தோடு ஒன்றாக நினைத்துவிடவும் கூடாது. கமகத்தில் சுரமே அசைகிறது, இங்கே இரண்டு சுரங்களுக்கு நடுவிலுள்ள வழிதான் நிறம் பெறுகிறது.

நடுவில் செல்லோவும் (வயலின் இனத்துத் தாழ்ந்த குரல் கருவி) வயலினும் மாறிமாறிப் பேசும் மெதுவான பகுதி ஒன்று வரும். மாடத்தில் காதலர் கடைசியாகச் சந்திக்கும் காட்சி அது. செல்லோ லியாங், வயலின் ஜூ. அதற்குப்பின் கல்லறைக் காட்சி. இசைக்குழு பரபரவென்று தட்டிக்கொண்டே போக, அதன்மேல் வயலின் தாளத்துக்கு அடங்காமல் நிதானமாக அழுகிறது. ‘இறுக்கி இழுத்து, மெல்லப் பாடு’ என்ற சீன நாடக மேடை உத்தி அப்படியே இங்கே வந்திருக்கிறது. இந்த இடத்தில்தான் ஒருவரின் வாசிப்பு மற்றவரிடமிருந்து பிரிகிறது. தாளத்தோடு ஒட்டிக்கொண்டால் அழுகை வராது. முற்றிலும் விட்டுவிட்டால் கண்டாமணி அடித்து ஜூ கல்லறைக்குள் பாயும் இடத்துக்கு இருவரும் ஒன்றாகப் போய்ச் சேர முடியாது.

லூ சிச்சிங்கின் சிறப்பு இங்கே இருக்கிறது என்பது என் கணிப்பு. பாகனினியில் தேர்ந்த கை என்பதால் இடக்கைக்குச் சிரமமே தெரிவதில்லை. அதனால் வழுக்கல்களை அளந்து, மிகக் குறைவாக வைக்கிறார். மூத்த தலைமுறையினர் அழ வைத்த இடங்களில் அவர் தொண்டையை அடைத்துக்கொண்டு பேசுவதுபோல் வாசிக்கிறார். ஆகவே கன்செர்ட்டோ அவரைக் கட்டிப்போட்டது என்று நான் சொல்ல மாட்டேன். ஜெனோவாவில் வென்ற கை இதற்குத் தேவைப்பட்டது. அந்தக் கையை முழுதாக மதிப்பிடக்கூடிய செவிகள் பெரும்பாலும் சீனாவில் இருந்தன.

---

வெண்கலம்:

தந்திக்காரன் ஐயா எழுதியதில் பெரும்பகுதியை ஏற்றுக்கொண்டாலும், ‘கட்டிப்போடவில்லை’ என்பதை மட்டும் மறுக்கத் தோன்றுகிறது. சீனாவிலிருந்து ஒரு தனிக்கலைஞரை அழைக்கும் வெளிநாட்டு அமைப்பாளர் ‘லியாங் ஜூ’வைத்தான் முதலில் எதிர்பார்க்கிறார், ஜெர்மானிய இசையமைப்பாளர் பிராம்ஸை வாசிக்க ஜெர்மானியரை அழைத்துக்கொள்கிறார். பல ஆண்டுகள் இப்படியே நடந்தால் ஒரு கலைஞரின் முகம் ஒரு படைப்பின் முகமாகிவிடும். இதில் கலைஞரின் பிழை ஏதுமில்லை, ஆனால் இழப்பு அவருடையது.

வேறு வழியில் போன சீனக் கலைஞர்களையும் பார்த்தால் இது தெளிவாகும். அதே 1987-ல் பாரிஸில் மார்கரித் லோங் – ஜாக் திபோ போட்டியில் முதல் பரிசு வென்றவர் சோ சியேன் என்ற பெண்மணி. பின்னாளில் சிங்கப்பூரில் ஓர் இசைக் கல்லூரியின் தந்திக்கருவித் துறைக்குத் தலைமை ஏற்று, ஆசிரியராகவே பெரிதும் அறியப்படுகிறார். பாகனினி பரிசு 1994-ல் ஹுவாங் பின், 2002-ல் ஹுவாங் மெங்லா, 2006-ல் நிங் ஃபெங் என்று மேலும் சில சீனர்களுக்குக் கிடைத்தது. இவர்களில் ஹுவாங் மெங்லா, ‘லியாங் ஜூ’வை முதலில் வாசித்த யூ லீனாவின் மாணவர். செங்துவில் பிறந்த நிங் ஃபெங் லண்டனில் ஹூ குன்னிடம் பயின்று, பெர்லினில் மேற்படிப்பை முடித்து, அந்நகரையே இருப்பிடமாகக் கொண்டு, இரு பக்கமும் சமமாக வாசிக்கிறார். இந்த ஹூ குன்தான் 1980-ல் ஹெல்சிங்கியின் சிபெலியஸ் போட்டியில் ஐந்தாம் இடம் பெற்றுச் சீன வயலினுக்கு வெளியுலக வாசலைத் திறந்தவர். பதின்மூன்று வயதில் பாகனினியின் 24 கப்ரீஸ்களையும் பதிவு செய்த யாங் தியான்வா ஜெர்மனிக்குப் போய், சரசாத்தேயின் படைப்புகளையும் இசாயின் தனி வயலின் சொனாட்டாக்களையும் பதிவு செய்து பெயர் பெற்றார். கவனியுங்கள்: ‘லியாங் ஜூ’ இல்லாமல் வெளியே பெயர் பெற்ற சீனர்களில் பலர் ஐரோப்பாவில் வீடு எடுத்துத் தங்கியவர்கள்.

நீலாம்பரி கேட்ட கவாகோஸுக்குக்கூட 1988-ன் ஜெனோவா பரிசு ஒன்றே போதுமானதாக இருக்கவில்லை. 1985-ல் சிபெலியஸ் போட்டியை வென்றிருந்தார். இரண்டு மூன்று பரிசுகளோடு ஐரோப்பாவிலேயே இருந்தார். அப்படியிருந்தும் அவர் இன்றைய நிலைக்கு வர நெடுங்காலம் ஆயிற்று.

---

பழைய இசைத்தட்டு:

வெண்கலம் சொல்வதில் ஒரு சிக்கல் இருக்கிறது. ‘இழப்பு’ என்று சொல்லும்போது நாம் பெர்லினிலும் நியூயார்க்கிலும் இருந்துகொண்டு அளக்கிறோம். லூ சிச்சிங்குக்கு முந்தைய தலைமுறையில் ஷெங் ஜோங்குவோ என்றொருவர் இருந்தார். 1941-ல் சோங்சிங்கில் பிறந்தவர். தந்தையும் வயலின் ஆசிரியர். ‘ஜோங்குவோ’ என்றால் சீனா என்றே பொருள், போர்க்காலத்தில் பிள்ளைக்கு நாட்டின் பெயரையே வைத்திருக்கிறார்கள். மாஸ்கோவில் லியோனித் கோகனிடம் பயின்று திரும்பி, 2018-ல் காலமாகும்வரை சீனாவின் ஊர் ஊராகப் போய் வாசித்தார். செவ்விசை அரங்கின் படியே ஏறியிராத பல்லாயிரம் பேர் வயலினை முதன்முதலாக அவர் கையில்தான் கேட்டார்கள். அவரை வெளிநாட்டு அமைப்பாளர்கள் அழைத்தார்களா இல்லையா என்பதை வைத்து அவருடைய வாழ்வை அளக்க எனக்கு மனம் வரவில்லை.

லூ சிச்சிங் அந்த வேலையை, அதைவிடக் கூர்மையான கையோடு, தொடர்ந்தார் என்று நான் பார்க்கிறேன். பின்னாளில் அவருடைய மேடைகளில் பெரும்பகுதி சீனாவிலேயே அமைந்தது. அந்த நாட்டில் கோடிக்கணக்கான பிள்ளைகள் இசைக்கருவி கற்கத் தொடங்கியிருந்தார்கள். 1987-ல் அவர் வென்ற செய்திதான் அவர்களுடைய பெற்றோரில் சிலருக்கு வயலின் என்ற எண்ணத்தைக் கொடுத்திருக்கக்கூடும். பரிசு வென்ற கலைஞர் நியூயார்க்கில் நூறு பேரில் ஒருவராக இருப்பதா, சீனாவில் முதல்வராக இருப்பதா என்ற கேள்வி அவர் முன் வந்திருக்கும். அதற்கு அவர் என்ன விடை சொல்லிக்கொண்டார் என்பது அவருக்கே தெரியும். அவர் இருந்த இடத்தைப் பார்த்தால் விடையை ஊகிக்க முடிகிறது.

---

வெண்கலம்:

ஷெங் ஜோங்குவோவைப் பற்றி நீங்கள் சொன்னதை மறுக்கவில்லை. ஆனால் அவருக்குத் தேர்வே இருக்கவில்லை. 1960-களில் மாஸ்கோவிலிருந்து திரும்பியவர் மறுபடி வெளியே போய்த் தங்க வழியில்லை. லூ சிச்சிங்குக்குத் தேர்வு இருந்தது. இருவரையும் ஒரே தட்டில் வைக்கும்போது அந்த வேறுபாடு மறைந்துவிடுகிறது. இழப்பு என்று நான் சொன்னதும் புகழைப் பற்றியதன்று. ஜெனோவாவில் வென்றவருக்கு அந்நகராட்சி ஒரு மரியாதை செய்யும். பாகனினி தம் ஊருக்கு விட்டுச்சென்ற வயலினை, 1743-ல் இத்தாலியக் கருவிக் கைவினைஞர் குவார்னேரி செய்ததை, ‘பீரங்கி’ என்று பாகனினியே செல்லப்பெயர் வைத்ததை, வென்றவர் வாசிக்கலாம். பதினேழு வயதில் அந்தக் கருவியைத் தோளில் வைத்த ஒருவர் பிராம்ஸையும் சிபெலியஸையும் முதல்தர இசைக்குழுக்களோடு ஆண்டுக்காண்டு வாசித்திருந்தால் அவருடைய இசை எங்கே போயிருக்கும் என்று கேட்பதற்கு எனக்கு ஆசை இருந்தது. அவ்வளவுதான்.

---

தந்திக்காரன்:

இதில் வெண்கலத்தின் பக்கம் நானும் கொஞ்சம் சாய்கிறேன். ஒரு கன்செர்ட்டோவை நூறாம் முறை வாசிக்கும்போது வாசிப்பவனுக்கு என்ன ஆகும் என்பதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. விரல் தானாகப் போகும், காது தூங்கிவிடும். லூ சிச்சிங்கின் வெவ்வேறு காலத்துப் பதிவுகளை அடுத்தடுத்துக் கேட்டால், கல்லறைப் பகுதியில் அவர் ஒரே மாதிரி வாசிப்பதில்லை என்பது தெரியும். மூச்சு வாங்கும் இடங்களை மாற்றுகிறார். நூறாம் முறையும் காதைத் திறந்து வைத்திருக்கிறார் என்பதற்கு எனக்கு அது போதும்.

---

நீலாம்பரி:

மூவருக்கும் நன்றி. விடை ஒன்றாக இராது என்று நினைத்தேன், ஆனால் ஒருவர் சொன்னதை மற்றவர் இவ்வளவு நெருங்கிப் பார்ப்பார் என்று எதிர்பார்க்கவில்லை.

நேற்றிரவு தந்திக்காரன் ஐயா சொன்னபடி ‘க ப த ஸ’ என்று பாடிக்கொண்டே பதிவைக் கேட்டேன். காந்தாரத்திலிருந்து பஞ்சமத்துக்குப் போகும் அந்த வழியை இத்தனை வாரம் கேட்டும் கேட்கவில்லை என்பது அப்போதுதான் புரிந்தது. கல்லறைக் காட்சியில் பின்னணி விரைவதையும் வயலின் அதற்கு இணங்காததையும் தனித்தனியே பிரித்துக் கேட்க முடிந்தது. ஆனால் இருவரும் கண்டாமணியின்போது எப்படி ஒன்றாக வந்து சேர்கிறார்கள் என்பதை மூன்று முறை கேட்டும் பிடிக்க முடியவில்லை.

இன்னொரு சிறு கேள்வி. ‘லியாங் ஜூ’ தவிர, சீன வயலின் இசையில் அடுத்து எதைக் கேட்கலாம்? லூ சிச்சிங் வாசித்ததாக இருந்தால் நல்லது.

---

தந்திக்காரன்:

கண்டாமணியைப் பிடிக்க வயலினைக் கேட்காதீர்கள். அந்த இடத்தில் இசைக்குழுவின் தாழ்ந்த தந்திகளைப் பின்தொடருங்கள். வயலின் எவ்வளவு அலைந்தாலும் அவை எண்ணிக்கொண்டே இருக்கும்.

அடுத்து மா சிசோங்கின் ‘தாயக நினைவு’ கேளுங்கள். 1937-ல் எழுதிய உள் மங்கோலியத் தொகுப்பின் ஒரு பகுதி, சில நிமிடங்களில் முடிந்துவிடும், ஆனால் அதை எழுதியவர் எப்படி ஊரை விட்டுப் போனார் என்று மேலே படித்தபின் கேட்டால் பெயரே வேறு பொருள் தரும். பிறகு, சென் காங் 1970-களில் வயலினுக்காக எழுதிய ‘தாஷ்குர்கான்மீது கதிரொளி’. மேற்கெல்லையில் வாழும் தாஜிக் மக்களின் இசையிலிருந்து எடுத்தது. விரைவுப் பகுதியில் ஏழு எண்ணிக்கைத் தாளம் வரும், கேட்டவுடன் உங்கள் கை தானாக மிஸ்ர சாபு போடத் தொடங்கிவிடும். லூ சிச்சிங் வாசித்த பதிவு உண்டு. நான் என் மாணவர்களுக்கு அதைப் போட்டுக் காட்டும்போது முதலில் வில்லைக் கவனிக்கச் சொல்வேன்: ஏழில் எந்த எண்ணில் வில் திரும்புகிறது என்று எண்ணச் சொல்வேன். இதுவரை முதல் தடவையிலேயே சரியாக எண்ணியவர் ஒருவர்கூட இல்லை.